மொட்டைமாடியின் அளவு

அன்புள்ள தம்பி அருளுக்கு,

மொட்டைமாடியை அளந்து எழுதச் சொல்லியிருந்தாய். அளந்துவிட்டேன். நேற்றுக் காலை பதினொரு மணி வெயிலில், ஒரு கையில் தடியும் இன்னொரு கையில் அம்மாவின் தையல் டேப்புமாக ஏறினேன். ஐந்தடி டேப்பை எத்தனை தடவை எடுத்து வைப்பது! ஒவ்வொரு தடவை குனியும்போதும் கணக்கு மறந்து மறுபடி ஆரம்பித்தேன். கீழே நின்றுகொண்டு உன் அம்மா, "எறங்குங்க. இருக்கற ஒரு காலையும் ஒடிச்சிக்கிட்டு வந்து என் உசுர வாங்காதீங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். அளவைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதிவிட்டால் அதை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு, மற்றதைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

உன் கடிதத்தை, உன்னோடு வேலை பார்க்கிற பட்டினத்துச் சுல்தான் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும், துபாய் திரும்புவதற்காக மெட்ராஸ் பஸ் ஏறுகிறாராம். "பதில் எழுதி வைங்கய்யா, நானே கையில குடுத்துடறேன். நான் போயி சேர்ற வரைக்கும் காகிதத்துல கையெழுத்துப் போடாத தம்பின்னு சொல்லிட்டுத்தான் வந்துருக்கேன்" என்றார். நல்ல மனிதர். இன்றைக்குப் புதன்கிழமை. திங்கட்கிழமையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுவதும் எழுந்து வாசல் வரை நடப்பதும் திரும்ப வந்து கிழிப்பதுமாக நேற்று வரை இருந்தது. வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்து நடந்து தடியின் அடியில் இருந்த ரப்பர் தேய்ந்துவிட்டது. உபதேசியாராக முப்பது வருஷம் ஊராருக்கெல்லாம் மனுவும் ஓலையும் எழுதிக் கொடுத்தவன், சொந்த மகனுக்கு நாலு வரி எழுத முடியாமல் திண்டாடுகிறேன்.

நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய் போகிற வழியில், ஆளே இல்லாத கொட்டகையின் மேல் கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், அவை வெயிலைக் குடித்துக்கொண்டு கம்பியில் மின்சாரம் விடுகின்றன, அதே மாதிரித் தகடு நாலை நம் வீட்டு மாடியில் பொருத்திவிட்டால் கரண்டு போனாலும் விளக்கும் ஒரு சின்ன விசிறியும் ஓடும் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். நீ சொன்னால் அது ஓடும். தகட்டின் விலை, கப்பல் கூலி, மெட்ராஸ் துறைமுகத்தில் கட்ட வேண்டிய தீர்வை, லாரி பேட்டரி மாதிரி பெரிய பேட்டரிகள் இரண்டு, அவற்றை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிற செலவு, எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் கூட்டி, அடியில் கோடும் கிழித்திருக்கிறாய். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் எனக்கு மூச்சு நின்றது. இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தத்தை நீட்டினால் தொகை வந்துவிடும், கல்யாணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், பிலோமி வீட்டில் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள் அப்பா என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய்.

உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அடுப்பை ஊதிவிட்டு வந்து, "அந்தத் தகடு மாடிய அடைச்சிக்கிட்டா வத்தல எங்க காயப்போடறது?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்து, நீ ஒவ்வொரு லீவுக்கும் கொண்டுவந்த டார்ச் விளக்குகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். ஒன்பது இருக்கின்றன, தம்பி. நீளமானது, குட்டையானது, தலையில் கட்டிக்கொள்வது, சிவப்பாக மின்னுவது. ஊரில் யார் வீட்டிலாவது கரண்டு போனால் நம் வீட்டுக்குத்தான் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொன்றையும் நீ என் கையில் கொடுக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதுக்கு எதுக்குடா காசக் கரியாக்கற" என்று கடிந்திருக்கிறேன். வயசானால் கோபம் வரும் என்று நீ நினைத்திருப்பாய். அது கோபம் இல்லை.

நேற்று மாலை பிலோமியின் அப்பா பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். சுல்தான் வாய் வழியாகச் சேதி அவர் காதுக்கு முன்னாலேயே போயிருக்கிறது. காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "ஒருதரம் தள்ளி வச்சிங்க, பொறுத்துக்கிட்டோம். இன்னும் ரெண்டு வருசம்னா எங்களால முடியாதுங்க. பொண்ணுக்கு இருவத்தாறு முடியுது" என்றார். மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா. அழுதாலாவது சமாதானம் சொல்லலாம். தம்பி போன லீவுல வாங்கிக் குடுத்த செபமாலைய எடுத்து டப்பாவுல போட்டு வச்சிட்டா. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன். வழியெல்லாம் சொல்லிவிடலாமா சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

எதற்காக நீ வெளிச்சம் வெளிச்சம் என்று அலைகிறாய் என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், நீ பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாய். அம்பகரத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் முப்பதாம் நாள் செபம் என்று காலையிலேயே சைக்கிளில் கிளம்பினேன். திரும்பும்போது இருட்டிவிடும் என்று டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதிலிருந்த புது பேட்டரிகளை முந்தின நாளே நீ உருவி உன் டிரான்சிஸ்டரில் போட்டுக்கொண்டு, செத்த பேட்டரிகளை டார்ச்சில் அடைத்து வைத்திருந்தாய். பாட்டுக் கேட்கிற வயசு. மதகுக் கட்டையில் சைக்கிள் மோதி வாய்க்காலில் விழுந்து கால் முறிந்து, இருட்டிய பிறகு ஒரு மாட்டு வண்டிக்காரர் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். நீ அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்து, "டார்ச் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாய். "எரியலடா தம்பி" என்றேன். இவ்வளவுதான் உனக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரிந்த கதையும் இதுதான்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. செபம் மத்தியானம் ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டேன். வீட்டுக்கு வராமல் சைக்கிளை மேற்கே திருப்பினேன். எல்லையை ஒட்டி ஒரு சாராயக்கடை இருந்தது. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, அங்கிருந்து வருகிற ஆட்கள்தான் அந்தக் கடையில் நிற்பார்கள். நம் காரைக்காலில் கடைக்கா பஞ்சம்? தெருவுக்குத் தெரு இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நின்று, குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவனுக்குப் புத்தி சொல்கிற உபதேசியார், உள்ளூர்க் கடையில் எப்படிப் போய் நிற்பான்? அதனால் அத்தனை தூரம் மிதித்துக்கொண்டு போவேன். அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் கிடையாது. வெளியூர் ஆட்கள் அவசர அவசரமாகக் குடித்துவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டிப் போவார்கள். அவர்களோடு அவர்களாக நானும் ஒரு வெளியூர்க்காரன் மாதிரி நிற்பேன். சொந்த மண்ணில் நின்றுகொண்டு எல்லை தாண்டி வந்தவன் மாதிரி நடித்தவன் நானாகத்தான் இருப்பேன். முதலில் மாதத்துக்கு ஒரு தடவை. அந்த வருஷம் வாரத்துக்கு ஒரு தடவை ஆகியிருந்தது.

அன்றைக்கு அளவு மீறிவிட்டது. கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் வந்தேன். மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மணி நாலுகூட ஆகவில்லை. மதகு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, தம்பி. ஒரு மதகு இரண்டாகத் தெரிந்தது, நான் தப்பான மதகை விட்டு ஒதுங்கினேன், அவ்வளவுதான். விழுந்த வேகத்தில் கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்த நேரத்தில் வரப்பில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். நடவு வேலை முடிந்து பெண்கள் பேசிக்கொண்டு போன சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள். கொடுக்கவில்லை. கிட்டே வந்தால் நாற்றம் தெரிந்துவிடுமே! மதகு நிழலில் தண்ணீருக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டு, இருட்டுவதற்காகக் காத்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். இருட்டிய பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்டு, "யாருங்க அது" என்று கூப்பிட்டேன். கட்டுப் போட்ட டாக்டர், "விழுந்த ஒடனே கொண்டாந்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதுங்க" என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

பைக்குள் இருந்த டார்ச்சை நான் தொடவே இல்லை. நீ கேட்டபோது வாயில் வந்த பொய்தான் "எரியல" என்பது. அது எரியுமா எரியாதா என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. நீ மூலையில் உட்கார்ந்து டார்ச்சைத் திருகி, உள்ளேயிருந்த செத்த பேட்டரியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாய் பார், அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் சொன்ன பொய்க்கு நீ சாட்சி ஆகிவிட்டாய். உன் முகம் அப்படியே சுண்டிப் போனது. ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'அப்பாடா' என்று தோன்றியது. பெற்ற மகன் குற்றவாளி மாதிரிக் குறுகி உட்கார்ந்திருக்கிறான், எனக்கு நிம்மதியாக இருக்கிறது. இப்படியும் ஒரு தகப்பன்.

பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் நீயே சொன்னாய், "என்னாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சு" என்று. நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். கணக்கில் கெட்டிக்காரன் நீ, மேலே பி.எஸ்ஸி. படிக்கப் போகிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் படுத்திருந்த மாதங்களில் நீ படிப்பை விட்டுவிட்டுக் காரைக்காலில் ஒயரிங் கடையில் சேர்ந்துவிட்டாய். முதல் சம்பளத்தில் வாய்க்கால் மதகு வரைக்கும் கம்பத்தில் விளக்குப் போட முடியுமா என்று மின்சார ஆபீசில் போய்க் கேட்டாயாம். அந்தக் கடைக்காரர்தான் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். நீ துபாய் போகிறேன் என்ற அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சந்தோஷமாகப் போகிற பிள்ளை மனசைக் கலைக்க வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்றே என்று ஒரு தெம்பு வேறு. கால் கூடியதும் பங்குச் சாமியாரிடம் போய்க் குடித்ததைச் சொன்னேன். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இந்த நாள் வரை தொட்டதில்லை, அது சத்தியம். ஆனால் உன்னிடம் பொய் சொன்னதை அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் நான் சொல்லவே இல்லை. அது ஒரு பாவமாகவே எனக்கு அப்போது தோன்றவில்லை. குடித்தவனுக்கு மூன்று மந்திரத்தோடு முடிந்துவிட்டது. பாட்டுக் கேட்டவன் பத்து வருஷமாகப் பரிகாரம் செய்துகொண்டிருக்கிறான், இன்னும் இரண்டு வருஷம் கூட்டிக்கொள்கிறேன் என்கிறான்.

உன் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி நான் மறுபடியும் ஒரு காகிதத்தைக் கிழித்தபோது வந்து எதிரே உட்கார்ந்தாள். "அன்னிக்கு ஒங்க ஈரச் சட்டைய அவுத்ததே நாந்தானே. பையில கிராம்பு ஊறிக் கெடந்துச்சு. எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஏன் இத்தன வருசம் கேக்கல?" என்றேன். "நீங்களாச் சொல்லுவிங்கன்னு இருந்தேன். குடிய விட்டிங்க, சரி, கேட்டு அவமானப்படுத்த வேணாம்னு விட்டேன். புள்ள இப்படி மனசுல போட்டு மறுகுவான்னு நான் கண்டனா? எழுதிடுங்க. எம்புள்ள அங்க வெயில்ல காயுது" என்றாள். இதைச் சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுததற்குப் பிறகுதான் இந்தப் பேனா ஓடியது.

நீ கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்தப் போகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்டால் அது நியாயம்தான். இருந்தாலும் பட்டவன் சொல்கிறேன். பிலோமியிடம் ஏதாவது தப்புப் பண்ணினால் அன்றைக்கே, அந்த நிமிஷமே சொல்லிவிடு. அவள் இரண்டு நாள் பேச மாட்டாள், சோறு போட்டுத் தட்டை டங்கென்று வைப்பாள், வைக்கட்டும். ஒரு நாள் தள்ளிப் போட்டால் மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். பத்து வருஷம் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால், வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டிருக்கிற இந்தக் கிழவனைப் பார்.

தகட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. நல்ல சாமான்தான். சுல்தான் சொல்கிறார், இப்போது யானை விலை, வருஷம் போகப் போகக் குறையுமாம். குறையட்டும். நீ ஊரோடு வந்து, காரைக்காலில் கடை போட்டு, உன் பிள்ளைகள் படிக்கிற காலத்தில், கையில் மீதி இருந்தால் தாராளமாகப் போட்டுக்கொள். அது உன் ஆசைக்காக இருக்கட்டும், உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் துடைத்து வைக்கிற வேலையை நானே பார்க்கிறேன். என் காலுக்காகப் போடாதே. என் காலுக்கு நீ ஒன்றும் தர வேண்டியதில்லை. அதற்காக இன்னும் இரண்டு வருஷமும் ஒரு நல்ல பெண்ணும் போவது என்னால் தாங்க முடியாது. இதைப் படித்து உனக்கு ஆத்திரம் வரும். வரட்டும். மன்னிப்பெல்லாம் இப்போது கேட்கவில்லை, நீ நேரில் வந்து திட்டு, நான் நின்று கேட்கிறேன். அந்த ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே. வருகிற மாதக் கடைசியில் பழைய ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பி வா. வருகிற தேதியை மட்டும் தந்தியில் தட்டிவிடு.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். இன்று காலை பட்டினத்துக்குப் போய் பிலோமியின் அப்பாவிடம், பிலோமியும் கேட்கும்படி, இதையெல்லாம் சொல்லிவிட்டேன். உனக்கு முன்னால் அவர்களுக்குச் சொல்லக் கூடாது என்று நேற்று நினைத்தது உண்மைதான். இரவெல்லாம் படுக்க முடியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிலோமி கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "அவர் ஏன் என்கிட்ட இத சொல்லல மாமா? டார்ச் பேட்டரிக்கா இப்படி?" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். உள்ளே போய் டப்பாவைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அங்கிருந்து நேரே நம் பங்குச் சாமியாரிடம் போனேன். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, அது தொடங்குவதற்குள் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டிய மூன்று ஞாயிறும் கிடைத்துவிடும். முதல் ஓலையை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ தந்தி அடித்தால் சாமியார் வாசிப்பார்.

கரண்டு போய் ஒரு மணி நேரம் ஆகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். நன்றாகத் தெரிகிறது.

மொட்டைமாடி நீளம் இருபத்தாறு அடி, அகலம் பதினெட்டு. தெற்கு ஓரத்தில் தென்னைமர நிழல் விழுகிறது. தகட்டுக்கு அது ஆகாது, பந்திக்கு நல்லது. நாலு வரிசையாக நாற்பது இலை போடலாம், பரிமாறுகிறவர்கள் நடக்க வழியும் இருக்கும். காலையில் கோவிலில் பூசை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி. விளக்கு எதுவும் வேண்டியிருக்காது.

உன் வரவைப் பார்த்து வாசலில் நடந்துகொண்டிருக்கும்,
அப்பா